ஐந்து பாட்டும் அந்த ஒரு பாட்டும்

எனக்குப் பொறாமை அந்தப் பாட்டின் மேலா, அதைப் பாடிக் காட்டியவள் மேலா? மூன்று வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழம்பு கொதிக்கும்போது ஒரு பதில் கிடைக்கும். அலுவலகத்துக்கு பஸ் ஏறியதும் அது பொய் என்று தோன்றிவிடும்.

அது ஒரு சினிமாப் பாட்டு. எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இதைப் படிப்பதை விட்டுவிட்டு அதை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவீர்கள். படத்தில் மொத்தம் ஆறு பாட்டு. ஐந்து பாட்டுகளைக் கேட்டால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அதே வயலின், அதே புல்லாங்குழல், அவசரப்படாத நடை. ஆறாவது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. எடுத்த எடுப்பில் ஓர் ஆள் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி நீளமாகக் கூவுவான். உடனே உறுமி, கைதட்டல், பத்துப் பேர் சேர்ந்து சிரிப்பது. முடியும்போதும் அதே கூவல். படம் ஓடியதோ இல்லையோ, அந்த ஒரு பாட்டு ஓடியது. மற்ற ஐந்தையும் கேட்டவர்கள் காரைக்காலில் என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

இப்படிப்பட்ட பாட்டுகளை நான் பள்ளிக்கூட நாட்களிலேயே கவனித்திருக்கிறேன். எழுபதுகளில் என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டில் ரிக்கார்டு பிளேயர் இருந்தது. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனால் பெரிய இசைத்தட்டு ஒன்றை உறையிலிருந்து எடுத்துக் காட்டுவாள். கறுப்புத் தட்டில் ஒரே ஒரு வளையம் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். ஊசியை எப்போதும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கிய அன்று போலப் பளபளவென்று இருக்கும்.

"மத்ததையும் போடேன்" என்பேன்.

"அதெல்லாம் தூக்கம் வரும்டி" என்பாள்.

எனக்கு அந்தப் பளபளப்பான வளையங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். காலை வழிபாட்டில் பாடும் நான்கு பேரில் நானும் ஒருத்தி. சுருதி விலகாமல் பாடுவேன். பாட்டு டீச்சர் என்னைக் குறை சொன்னதே இல்லை. ஆனால் ஆண்டு விழாவில் தனியாகப் பாட ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதும் இல்லை.

படித்து முடித்து, ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து, அம்பகரத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் என்னைக் கொடுத்தார்கள். கணவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். காரைக்காலிலேயே வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டோம். அம்பகரத்தூர் வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேச மாட்டார்கள். நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் மோர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. எனக்கேற்ற இடம்தான் என்று நினைத்தேன்.

அந்த வீட்டில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. என் கணவரின் தங்கை. அவள் சிரித்தால் கொல்லையில் கட்டியிருக்கும் மாடு திரும்பிப் பார்க்கும். என் மாமியாரே சொல்வார்: "ஆஸ்பத்திரியில புள்ளய மாத்திக் குடுத்துட்டாங்களோ என்னமோ. எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது." சொல்லிவிட்டு அவளைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

எனக்கு மகள் பிறந்து ஒன்றரை வயதானபோது வீட்டில் ஆள் இல்லாமல் தவித்தேன். அப்போது நாத்தனார் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள காரைக்காலுக்கு வந்தாள். "அவ இங்க தங்கி படிச்சுக்கட்டும், புள்ளையையும் பாத்துக்குவா" என்றார் கணவர். நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். அதை மறக்காமல் எழுதிவிட வேண்டும்.

அந்த வருடம்தான் வீட்டுக்கு ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன் வந்தது. கணவரின் நண்பர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. நான் முதன்முதலாகப் பாட்டு பதிவு செய்யும் கடைக்குப் போய், அந்தப் படத்தின் பெயரைச் சொல்லி, ஆறு பாட்டையும் பதியச் சொன்னேன்.

கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். "ஆறும் வேணுங்களா? எல்லாரும் அந்த ஒண்ணத்தான் கேப்பாங்க. அத மட்டும் போட்டுட்டு மீதிக்கு வேற ஹிட்டா போட்டுத் தரட்டுங்களா?"

"இல்லங்க, ஆறும் போடுங்க. எனக்கு ரெண்டாவது பாட்டுதான் முக்கியம்."

"ரெண்டாவது எதுங்க?" என்று கேட்டார். பாட்டு விற்கிறவருக்கே அது எது என்று தெரியவில்லை. நான் மெல்லப் பாடிக் காட்டினேன். "ஓ, அதுவா. நல்லாத்தான் இருக்கு" என்று அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதத் தொடங்கினார். "மத்த அஞ்சும் கதைக்குப் போட்டதுங்கம்மா. அது ஒண்ணுதான் ஊருக்குப் போட்டது" என்றார். யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துக் கொடுத்தார். அந்த ஓட்டை இருந்தால் பதிவு பட்டன் அமுங்காது.

என் மகள் சாப்பிட மாட்டாள். இது எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், ஆனால் அவள் நிஜமாகவே சாப்பிட மாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்ப்பாள். எடை பார்த்தால் போன மாதம் இருந்ததே இருக்கும். ரசம் சாதத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு அந்த இரண்டாவது பாட்டைப் பாடுவேன். தாலாட்டு மாதிரியான பாட்டு. முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு நாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்தபோது தெருமுனையிலேயே அந்தக் கூவல் கேட்டது. கேசட்டில் இருந்த ஆள் கூவினான், அவனோடு சேர்ந்து என் நாத்தனாரும் கூவினாள். உள்ளே போய்ப் பார்த்தேன். கூவல் கேட்டதும் என் மகளும் கூவ வாயைத் திறக்கிறாள். "ஏ" என்று திறந்த வாயில் ஓர் உருண்டை போகிறது. மென்று முடிப்பதற்குள் கைதட்டல் வந்துவிடுகிறது. அடுத்தது பத்துப் பேர் சிரிக்கும் இடம். அங்கே இன்னோர் உருண்டை. கிண்ணம் காலி.

"அண்ணி, பாத்தீங்களா? முழுசும் சாப்ட்டா!"

"நல்லதும்மா" என்றேன். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டேன். துடைக்க ஒன்றும் இல்லை, நாத்தனார் ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தாள்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. டூ இன் ஒன்னில் நாடா எவ்வளவு ஓடியது என்று காட்டும் மூன்று எண்கள் இருக்கும். அந்தப் பாட்டு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று நாத்தனாருக்கு மனப்பாடம். மின்சாரம் இல்லாத நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று பென்சிலைச் சொருகிச் சுற்றியே சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். மற்ற ஐந்து பாட்டுகளும் வேகமாகச் சுற்றித் தள்ளுகிற நாடாவாகிவிட்டன. என் இரண்டாவது பாட்டை அந்த வீட்டில் ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை.

நான் அலுவலக டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தேன். மற்ற பாட்டுகளோடு ஒட்டாமல் தனியாக நின்று, அதனாலேயே ஜெயித்த பாட்டுகள். சோகப் படத்தில் ஒரு குத்துப் பாட்டு. மேல்நாட்டு மெட்டாகவே இருக்கும் படத்தில் ஒரே ஒரு நாட்டுப்புறப் பாட்டு. அம்மன் பாட்டு கேசட்டில் ஏழு பாட்டு நிதானமாக இருக்க, சினிமா மெட்டில் வந்த எட்டாவது மட்டும் ஊர் ஊராகத் திருவிழாவில் ஒலிக்கும். ஏழெட்டுச் சேர்ந்தன. எதைக் கண்டுபிடிக்க எழுதினேன் என்று தெரியவில்லை. அந்தப் பாட்டுகள் செய்தது நியாயமில்லை என்று யாராவது தீர்ப்பு எழுதித் தர வேண்டும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

எனக்கு வலித்த இடம் எது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். மகள் அழும்போது "அத்த" என்று அழ ஆரம்பித்தாள். விழுந்து முழங்காலில் தோல் பிய்ந்த நாளில், பக்கத்தில் நின்ற என்னைத் தாண்டிக்கொண்டு அத்தை இருந்த அடுப்படிக்கு ஓடினாள்.

அன்றைக்கு மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்தேன். தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். நாத்தனார் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கேசட்டின் ஓட்டை மேல் காகிதத் துண்டை மடித்து ஒட்டினேன். அப்படி ஒட்டினால் மறுபடி பதியலாம் என்று கடைக்காரர் யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தேன். எண்ணைச் சரியாக வைத்து, சிவப்புப் பட்டனையும் சேர்த்து அமுக்கி, அந்தப் பாட்டின் மேல் என் இரண்டாவது பாட்டைப் பாடினேன். பல்லவி, இரண்டு சரணம், திரும்பப் பல்லவி. சுருதி விலகவில்லை. பாடி முடித்ததும் நிறுத்தினேன். போட்டுப் பார்க்கவும் பயம். கேசட்டை அதன் பெட்டியில் வைத்துவிட்டுத் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு படுத்தேன். பொய்க்கு அவ்வளவு மரியாதை செய்தேன்.

நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் பாட்டு என் பாட்டைவிட நீளம்.

அன்று சாயங்காலம் கணவரும் வீட்டில் இருந்தார். நாத்தனார் கிண்ணத்தோடு உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள். மகள் வாயைத் திறந்து கூவக் காத்திருந்தாள். வந்தது என் தொண்டைக் கனைப்பு. பிறகு என் குரல். சன்னமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பல்லவியின் நடுவில் ஒரு காக்கை. சரணத்தில் தெருவோடு போகிறவர் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்கிறார். மகளின் வாய் மெதுவாக மூடிக்கொண்டது.

"இது யாரு குரல்?" என்றார் கணவர்.

மூன்று நிமிடம் நான் பாடி முடிக்கும் வரை எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அதன் பின்னால், அழியாமல் மிச்சமிருந்த பாட்டின் கடைசித் துண்டு வீடே அதிரும்படி வெடித்தது. உறுமி, கைதட்டல், கடைசியாக அந்தக் கூவல். மகள் சந்தோஷம் தாங்காமல் வாயை அகலத் திறந்தாள். நாத்தனாரின் கை தானாகவே உருண்டையை உள்ளே வைத்தது.

கேசட் வைத்திருக்கிற எவருக்கும் இது புரியும். நாடா கெட்டுப்போனால் இப்படி ஆகாது. யாரோ மேலே பதிந்திருக்கிறார்கள். நாத்தனார் கேசட்டை வெளியே எடுத்தாள். முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தின் மேல் அவள் விரல் நின்றதைப் பார்த்தேன்.

"அண்ணே, நாந்தான்" என்றாள். "அண்ணி பாடிக்கிட்டு இருந்தாங்க, பட்டன மாத்தி அமுக்கிட்டேன் போலருக்கு."

"கையி ஒரு எடத்துல நிக்காதே ஒனக்கு. டைப்பாவது ஒழுங்கா அடிக்கிறியா, இல்ல அதுலயும் மாத்தி மாத்தித்தானா?"

"அதுல ரெண்டு கையாலயும் மாத்தி அடிப்பேன்" என்று சிரித்தாள்.

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். "அவ இல்லங்க, நான்" என்ற மூன்று சொற்கள் போதும். நான் எழுந்து போய்ப் பால் பொங்குகிறதா என்று பார்த்தேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் கிண்ணத்தைக் கழுவ வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நல்லா பாடியிருக்கீங்கண்ணி. இன்னும் கொஞ்சம் கிட்ட வச்சுப் பாடியிருக்கலாம். அடுத்த தடவ சொல்லுங்க, நானும் புள்ளையும் கடக்கரைக்குப் போயிட்டு வரோம். காக்காயத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

கேலியா, அன்பா? அந்த வீட்டில் மற்றவர்கள் பேசினால் எனக்கு அர்த்தம் தெரியும். இவள் பேச்சு மட்டும் பிடிபடாது. என் மேல் வர வேண்டிய பழியை அவள் எடுத்துக்கொண்டதற்காக நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. இதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று வந்தது.

கடையில் போய்ப் புதிதாகப் பதிந்து வாங்கியிருக்கலாம். கணவர் இரண்டு முறை சொன்னார். நாத்தனார்தான் வேண்டாம் என்றாள், இதுவே போதும் என்றாள். அதற்குப் பிறகு தினமும் நடந்தது இதுதான்: அவள் எண்ணை முன்பு போலவே வைப்பாள். என் பாட்டு மூன்று நிமிடமும் ஓடும். தாண்டிப் போக மாட்டாள். மகள் காக்கை வரும்போது விரலை நீட்டுவாள், பாத்திரக்காரர் வரும்போது வாசலைப் பார்ப்பாள், பிறகு அந்த 'டக்' சத்தத்துக்காகக் காத்திருப்பாள். 'டக்' வந்தால் வாய் திறக்கும். என் குரல் என் குழந்தைக்கு, அந்தப் பாட்டு வருவதற்கு முன்னால் பொறுத்துக்கொள்கிற ஒன்று ஆகிவிட்டது. சாதம் உள்ளே போனதென்னவோ உண்மை. எடையும் கூடியது.

மறு வருடம் நாத்தனாருக்கு மன்னார்குடிப் பக்கம் கல்யாணமாயிற்று. அவள் வண்டி ஏறியபோது என் மகள் அழுத அழுகையை எழுத மாட்டேன். ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கேசட்டைப் போட்டால் இன்னும் அதிகமாக அழுதாள். வேறு வழியில்லாமல் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு நானே கூவிப் பார்த்தேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் குரல் எழுப்பியதில்லை.

பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார். "என்னங்க ஆச்சு? பாம்பு கீம்பு வந்துடுச்சா?"

"ஒண்ணுமில்லங்க, புள்ளைக்கு சோறு ஊட்டுறேன்" என்றேன். அவர் என்னையும் குழந்தையையும் கிண்ணத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

மகள் என் கன்னத்தில் கையை வைத்து, "அம்மா, கத்தாத" என்றாள். பிறகு தானாகவே வாயைத் திறந்தாள். என் மேல் இரக்கப்பட்டுச் சாப்பிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. பாட்டு இல்லாமல் சாப்பிடுகிறாள். பள்ளிக்குப் போகிறாள். எல்லாம் ஓய்ந்தது என்றிருந்தேன். போன மாதம் அம்பகரத்தூர் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். நாத்தனாரும் வந்திருந்தாள், ஆறு மாதக் கர்ப்பம். பந்தலில் நாங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். மைக் செட்டில் திடீரென்று அந்தப் பாட்டைப் போட்டார்கள். அந்தக் கூவல் வந்ததுதான் தாமதம், என் மடியில் இருந்த பெண் எழுந்து, அத்தனை கால்களையும் தாண்டி ஓடி அவள் மடியில் போய் விழுந்தாள். நாத்தனார் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எப்போதும் போல அதுவும் எனக்குப் புரியவில்லை. என் கணவர், "பட்டன மாத்தி அமுக்குனவ மடிக்கே போறா பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று அவளிடமிருந்து கடிதம் வந்தது. பிரசவத்துக்கு அம்பகரத்தூர் வருகிறாளாம். "அண்ணி, பரீட்சை லீவில் பாப்பாவை ஒரு மாதம் என்னோடு விடுங்கள். எனக்கும் துணையாக இருக்கும். நீங்கள் ஆபீசுக்கு நிம்மதியாகப் போகலாம்" என்று எழுதியிருக்கிறாள். கணவர் படித்துவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு, அனுப்பு" என்றார். மகள் இப்போதே தன் பாவாடைகளை எடுத்து ஒரு பைக்குள் திணிக்கத் தொடங்கிவிட்டாள்.

அனுப்பாமல் இருக்கக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வெயில், தண்ணீர் மாற்றம், கொசு என்று மூன்றை யோசித்து வைத்திருக்கிறேன். மூன்றுமே தலைவலித் தைலம் மாதிரிதான். அனுப்பினால், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருகிற பெண் விழுந்தால் யார் பெயரைச் சொல்லி அழுவாள் என்று பயமாக இருக்கிறது. அனுப்பாவிட்டால், இரண்டாவது முறையும் ஒரு பாட்டை அழித்தவள் ஆவேன். இந்த முறை பழியை ஏற்றுக்கொள்ளவும் ஆள் இருக்காது.

இதைப் படிப்பவர்களில் வேலைக்குப் போகும் அம்மாக்கள் இருப்பீர்கள். பிள்ளையை இன்னொருத்தி கையில் விட்டுவிட்டு, அவள் உங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டதைப் பொறுக்க முடியாமல் இருந்தவர்களும் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? பெண்ணை நான் அனுப்பட்டுமா? அனுப்புவதாக இருந்தால், அந்தப் பட்டனை அமுக்கியது நான்தான் என்று முதலில் கணவரிடம் சொல்லிவிட வேண்டுமா? அல்லது எல்லாம் தெரிந்தும் இத்தனை நாள் சொல்லாமல் இருக்கிற அவளிடமா? இன்னும் மூன்று வாரத்தில் லீவு விட்டுவிடுவார்கள். அதற்குள் ஒரு வரி எழுதுங்கள்.